ஸ்லாப்புக்குக் காபன் பட்டி ஒட்டுவதற்கு முன்: மலைநாட்டில் கடை, வீடு வைத்திருப்பவர்களுக்கு

மேல்மாடியில் டியூஷன் வகுப்பு, தண்ணீர்த் தாங்கி, சாமான் அறை, இல்லாவிட்டால் இன்னொரு மாடி. இதில் ஏதோ ஒன்றுக்காக "இந்தப் பழைய ஸ்லாப் தாங்குமா?" என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். யாராவது ஒருவர் "காபன் பைபர் ஒட்டிவிடலாம், ரெண்டு நாள் வேலை" என்றும் சொல்லியிருப்பார். ஒட்டுவது உண்மையிலேயே இரண்டு மூன்று நாள் வேலைதான். அதற்கு முன்னால் உள்ளது மாதக்கணக்கில் இழுக்கும். ஹற்றனில் எங்கள் கடைக்கு மேலே வகுப்பு நடத்த இடம் ஒழுங்கு செய்தபோது எது முதலில், எது பிறகு என்று சொல்ல ஆளில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பட்டி என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. காபன் நாரை எபொக்சிப் பிசினில் (இரண்டு பகுதியைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்) இறுக்கிச் செய்த, ஒன்றரை மி.மீ.கூடத் தடிப்பில்லாத நீளப் பட்டி அது. ஸ்லாப்பின் அடிப்பக்கத்தில் எபொக்சிப் பசையால் ஒட்டினால், உள்ளே இருக்கும் கம்பியோடு சேர்ந்து இதுவும் இழுவையைத் தாங்கும். கட்டடத்துக்குப் போடும் டோர்க்கம்பியைவிட இழுவிசையில் நாலைந்து மடங்கு பலம். பட்டியாக இல்லாமல் துணியாகவும் வரும். அதை இடத்திலேயே பிசினில் நனைத்து ஒட்டுவார்கள். கண்ணாடி நாரில் செய்தது மலிவு, ஆனால் அதிகம் இழுபடும்.

1. வெடித்தது ஸ்லாப்பா, மலையா?

நம் பக்கத்தில் முதல் கேள்வி இதுதான். சுவரில் படிக்கட்டு மாதிரி சரிவாக ஏறும் வெடிப்பு, திடீரென்று பொருந்தாமல் போன கதவு, முற்றத்தில் நீளமாக விரிந்த நிலம், சாய்ந்த மரம், மழைக்குப் பிறகு புதிதாக ஊறும் தண்ணீர் ஆகியவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் ஸ்லாப்பை மறந்துவிடுங்கள். நிலம் நகருவதாக இருக்கலாம். கீழே அத்திவாரம் போய்க்கொண்டிருக்கும்போது மேலே எதை ஒட்டியும் பலனில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

நிலம் சரி, ஸ்லாப்பில் மட்டும் வெடிப்பு என்றால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். கோட்டைத் தாண்டி வெடிப்பு ஓடினால் பொறியியலாளரிடம் காட்ட உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. பணம் செலவாகாத சோதனை இது. பெரும்பாலானவர்கள் தவிர்ப்பதும் இதைத்தான்.

2. பாரத்தைக் கணக்குப் பாருங்கள்

குடியிருக்கும் வீட்டுத் தளத்துக்கு வழக்கமாகக் கணக்கிடும் பாவனைப் பாரம் சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூட்டன். நம் பாஷையில் சதுர அடிக்கு 14 கிலோ. வகுப்பறைக்கு அதன் இரட்டிப்பு, 28 கிலோ. இனி ஒரு மூட்டை மாவை நினைத்துப் பாருங்கள்: 50 கிலோ, படுக்க வைத்தால் சுமார் ஐந்து சதுர அடி. எட்டு மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சதுர அடிக்கு 80 கிலோ. வீட்டுக்கென்று போட்ட ஸ்லாப்பில் ஆறு மடங்குக்குக் கிட்ட ஏற்றிவிட்டீர்கள்.

இதைப் பட்டி ஒட்டிச் சரிக்கட்ட முடியாது, ஏனென்றால் ஒரு விதி இருக்கிறது. பொறியியலாளர்கள் பின்பற்றும் அமெரிக்கக் கொங்கிரீட் நிறுவனத்தின் 440.2ஆர் வழிகாட்டி சொல்வது இது: தீயோ வேறெதுவோ பட்டியை முழுதாகக் கழற்றிவிட்டாலும், பழைய ஸ்லாப் தனியாக நின்று நிலைப்பாரத்தின் (ஸ்லாப்பின் சொந்த எடை போல எப்போதும் இருக்கும் பாரம்) 1.1 மடங்கையும் புதிய பாவனைப் பாரத்தில் முக்கால் பங்கையும் தாங்க வேண்டும். 5 அங்குல ஸ்லாப்பின் சொந்த எடையே சதுர அடிக்கு 28 கிலோ வரை வரும். அதோடு கூட்டிப் பார்த்தால் வகுப்பறை தப்பும், எட்டு மூட்டை அடிபட்டுப் போகும். "எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், நாங்கள் ஒட்டித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் இந்த விதியைக் கேளுங்கள். பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

தண்ணீர்த் தாங்கிதான் உங்கள் பிரச்சினை என்றால் இதற்கு மேல் வாசிக்கவே தேவைப்படாது. ஆயிரம் லீற்றர் என்பது ஒரு தொன். அதை ஸ்லாப்பின் நடுவிலிருந்து தூக்கி, கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்துக்கு மேலே வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

3. கடதாசிகள்

பொறியியலாளரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை:

- காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம்
- அங்கீகரிக்கப்பட்ட கட்டட பிளான், இணக்கச் சான்றிதழ்
- கடைசியாகக் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டு
- ஸ்லாப் போட்டபோது எடுத்த படங்கள், கம்பி வாங்கிய பில், அந்த மேசன் பாஸின் தொடர்பு

பிளான் தொலைந்திருந்தால் நகர சபையிலோ பிரதேச சபையிலோ கோப்புப் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். தேடி எடுக்க நாளாகும், ஆகவே இதை முதல் வாரத்திலேயே செய்யுங்கள். கடைசி வரியில் உள்ள படங்களைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். கம்பி கட்டிய நிலையில் யாரோ கல்யாண அல்பத்துக்கு நடுவில் செருகி வைத்த ஒரு படம், எத்தனை அங்குல இடைவெளியில் கம்பி கிடக்கிறது என்று காட்டிவிடும்.

அனுமதி விஷயத்தில் ஒன்று. வீடாக இருந்ததைக் கடையாக, வகுப்பாக, விடுதியாக மாற்றினால் உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். மாடி ஏற்றினால் கட்டட அனுமதியோடு, மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் கேட்பார்கள். இருக்கும் பாவனைக்கே ஸ்லாப்பைப் பலப்படுத்துவதென்றால், பொறியியலாளரின் கடிதத்தோடு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பார்த்து, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் அவருக்கு இடமாற்றம் வரும்வரைதான் செல்லும்.

தோட்டக் காணியில் கட்டியவர்களுக்கு உறுதி இருக்காது. அப்படியானவர்கள் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

4. பொறியியலாளர் முன்னால், விற்பவர் பின்னால்

இந்த வரிசையைப் புரட்டினால் பணம் போகும். விற்பவரை முதலில் கூப்பிட்டால் அவர் பட்டியைத்தான் விற்பார், வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் தொழிலல்ல. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் பதிவுள்ள பட்டயப் பொறியியலாளர், அதிலும் கட்டமைப்புத் துறையில் வேலை செய்பவராகப் பாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கண்டிக்குப் பக்கத்திலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி. அங்கே பரிசோதனை, ஆலோசனை இரண்டுக்கும் விசாரிக்கலாம்.

அவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது: "பட்டி ஒட்டாமல் முடியுமா?" அறையின் நடுவில் ஓர் இரும்பு ஐ-பீம் கொடுத்தால் ஸ்லாப்பின் தாவல், அதாவது ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல்வரை உள்ள தூரம், பாதியாகும், நடுவில் வரும் வளைவு விசை நன்றாகக் குறையும். உயரம் இருக்கிற கடையில் அது மலிவாகவே முடியலாம். ஆனால் பீமுக்கு மேலே ஸ்லாப்பின் மேல்பக்கத்தில் கம்பி இல்லாவிட்டால் அங்கே வெடிக்கும். அதையும் அவர்தான் பார்க்க வேண்டும். பட்டி எங்கே வெல்லும் என்றால், கீழே தலை இடிக்காமல் இருக்க வேண்டும், கடையை நீண்ட நாள் மூட முடியாது, கூடுதல் எடையை அத்திவாரம் தாங்காது என்ற இடங்களில்.

பட்டி கைகொடுக்காத இடங்களும் உண்டு. ஏற்கெனவே தொய்ந்த ஸ்லாப் ஒட்டியதால் நிமிராது. பட்டி, ஒட்டிய பிறகு ஏறும் பாரத்தைத்தான் பங்குபோடும். அதனால்தான் ஒட்டுவதற்கு முன் அடியில் ஜக் வைத்து முட்டுக் கொடுத்துச் சற்றே தூக்கச் சொல்வார்கள். தூணின் தலை ஸ்லாப்பை ஊடுருவி உடைக்கிற பிரச்சினைக்கு அடியில் ஒட்டுவது மருந்தல்ல. நீட்டிய பல்கனிக்கு இழுவை மேல்பக்கத்தில்தான். அதற்கு அடியில் ஒட்டச் சொன்ன ஒருவரை எங்கள் தெருவிலேயே பார்த்தேன், நல்லவேளை வேலை தொடங்கவில்லை.

5. ஸ்லாப்புக்குச் செய்யும் சோதனைகள்

கம்பி தேடும் கருவியால் கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று பார்ப்பார்கள். இரண்டு மூன்று இடத்தில் வட்டமாகக் குடைந்து கொங்கிரீட் துண்டு எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். நசுங்கும் பலம் 17 மெகாபஸ்கலுக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் ஒட்டும் பேச்சே இல்லை. உடைத்த இடத்தில் பினோப்தலீன் என்ற நிறம் காட்டும் இரசாயனத்தைத் தெளித்தால் நல்ல கொங்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் கம்பிவரை போயிருந்தால், கம்பியைத் துருவிடமிருந்து காக்கும் சக்தி அந்த ஸ்லாப்பில் தீர்ந்துவிட்டது என்று பொருள். கடைசியாக இழுத்துப் பார்க்கும் சோதனை: 50 மி.மீ. வட்ட உலோகத் துண்டை ஒட்டி இழுப்பார்கள். 1.4 மெகாபஸ்கல், அதாவது ஏறக்குறைய 280 கிலோ இழுவை தாங்க வேண்டும். பிய்ந்தால் கொங்கிரீட்டுக்குள் பிய்ய வேண்டும், பசையில் அல்ல.

கம்பி துருப்பிடித்து ஊதிக் கொங்கிரீட் பொரிந்து விழுகிற ஸ்லாப்பில் அப்படியே பட்டி ஒட்டினால் அது நோயை மூடி வைப்பதுதான். துரு உள்ளே வளர்ந்து ஒருநாள் பட்டியைச் சேர்த்தே தள்ளிவிடும். பொரிந்ததை உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, திருத்தச் சாந்து போட்டு, அது காய்ந்த பிறகுதான் மற்றது. மேலேயிருந்து கசிவு இருந்தால் முதலில் அதை மேல்பக்கத்தில் நிறுத்துங்கள். அடியை முழுக்கத் துணியால் மூடிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை.

6. கொட்டேஷன்: இல்லாத வரிகளைப் படியுங்கள்

பொருள் எல்லாம் இறக்குமதி. டொலர் அசைந்தால் விலையும் அசையும், கொட்டேஷன் செல்லும் காலமும் குறுகியது. ஆகவே ரூபாத் தொகை எதையும் இங்கே எழுதவில்லை. அளவை மட்டும் நீங்களே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம்: 20 அடிக்கு 12 அடி அறை, 12 அடித் தாவலில் 2 அடிக்கு ஒன்று என்று பொறியியலாளர் வரைந்தால் 10 பட்டி. ஒவ்வொன்றும் 11 அடி என்றால் மொத்தம் 110 அடி, சுமார் 34 மீற்றர். வருகிற எல்லாக் கொட்டேஷனையும் இந்த மீற்றர் கணக்கில் வைத்து ஒப்பிடுங்கள்.

மீற்றர் விலை மலிவாகத் தெரிந்தால் பின்வருபவை அதில் அடக்கமா என்று கேளுங்கள்: அடிப் பூச்சை உடைப்பது, கிரைண்டர் பிடிப்பது, 0.3 மி.மீ.க்கு மேற்பட்ட வெடிப்புக்கு எபொக்சி ஏற்றுவது, முட்டுக்களும் சாரமும், கொழும்பிலிருந்து ஆட்களின் போக்குவரத்தும் தங்குமிடமும், இழுவைச் சோதனை, திரும்பப் பூசிப் பெயின்ட் அடிப்பது, 18 சதவீத வற் வரி. சிறிய வேலைக்கு "குறைந்தபட்சக் கட்டணம்" என்று ஒன்று போடுவார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் இதே வேலை இருந்தால் ஒரே பயணத்தில் முடிக்கச் சொல்லிப் பேசுங்கள். ஒப்பந்தக்காரர் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்றும் பாருங்கள்.

முற்பணம் கொடுத்தால், பொருள் உங்கள் இடத்துக்கு வந்து பெட்டியில் தயாரிப்பு இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் நீங்கள் பார்த்த பிறகு அடுத்த தவணை. பத்து வீதத்தை, ஒட்டிய பிறகு தட்டிப் பார்க்கும் சோதனை (9ஆம் பகுதி) முடியும்வரை வைத்திருங்கள். இதை வேலை தொடங்குமுன் எழுதாவிட்டால் பிறகு கேட்க வாயிருக்காது.

இன்னொரு பொறி: ஹாட்வெயார் கடையில் "பைபர்" என்று விற்கும் வலை, கசிவுக்குப் பூசும்போது நடுவில் வைப்பது. படகு, தாங்கி செய்யும் கண்ணாடி நார்ப் பாய் வேறு. கொங்கிரீட்டில் கலக்கும் நூல் நூலான பிளாஸ்டிக் நார் வேறு. மூன்றுமே இந்த வேலைக்கு உதவாது. மூன்றையும் "எல்லாம் ஒண்ணுதான் பாஸ்" என்று சொல்லித் தருவார்கள்.

7. நாள் குறிப்பது

நல்ல நேரம் பார்ப்பதைவிட இதற்கு வானிலை பார்ப்பது முக்கியம். எபொக்சிக்கு எதிரி இரண்டு: ஈரமும் குளிரும். மலைநாட்டில் இரண்டும் தாராளம்.

மேற்குச் சரிவில், அதாவது கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், தலவாக்கலைப் பக்கம், மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்கு மழை. உங்களுக்கு ஜனவரி முதல் மார்ச்வரைதான் உருப்படியான காலம். ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளையில், கதை தலைகீழ். அங்கே டிசம்பர் முதல் பெப்ரவரிவரை வடகீழ்ப் பருவ மழை. ஜூன் முதல் செப்டெம்பர்வரை காய்ந்த காற்று வீசும். ஒக்டோபர், நவம்பர் இரண்டு பக்கத்துக்கும் வேண்டாம். நுவரெலியாக்காரருக்குத்தான் சங்கடம்: மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில்தான் பனியும் உறைபனியும். பசைகளின் விவரத்தாளில் மிகக் குறைந்த வெப்பநிலை 8 பாகை, 10 பாகை என்று இருக்கும். இரவில் அதற்குக் கீழே போகும். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டு முட்டுக்களைக் கூடுதல் நாள் விட்டுவையுங்கள். அறையைச் சூடாக்க மின்சார ஹீட்டர் மட்டும். கரியோ மண்ணெண்ணெயோ எரித்தால் புகையோடு நீராவியும் ஸ்லாப்பில் படியும், மூடிய அறையில் ஆளுக்கும் ஆபத்து.

பனிப்புகார் காலையில் கொங்கிரீட் பார்வைக்குக் காய்ந்தே இருக்கும், தொட்டால் வியர்த்திருக்கும். விதி இதுதான்: ஸ்லாப்பின் வெப்பநிலை, காற்றின் பனிபடு நிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 18 பாகை, ஈரப்பதன் 90 வீதம் என்றால் பனிபடு நிலை 16 பாகையைத் தாண்டிவிடும். ஸ்லாப் 19க்கு மேல் இருந்தாலொழிய அன்று கைவைக்கக் கூடாது. ஒப்பந்தக்காரரிடம் ஈரப்பதமானியும் வெப்பமானியும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் "கையால தொட்டாலே தெரியும்" என்பார். தெரியாது.

முதல் நாள் மாலை ஒன்றரை அடிச் சதுரத் தெளிந்த பொலித்தீனை ஸ்லாப்பின் அடியில் நாலு பக்கமும் டேப் அடித்து ஒட்டி வையுங்கள். மறுநாள் உள்ளே துளி நின்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

8. ஒட்டும் நாட்களில் நீங்கள் பார்க்க வேண்டியவை

நம் ஊரில் அடிப்பக்கம் பூசாத ஸ்லாப் அரிது. பூச்சு முழுவதும் போக வேண்டும். பிறகு வைரக் கிண்ணச் சில்லு போட்ட கிரைண்டரால் மேலே படிந்த பலமற்ற வெள்ளைப் பால்தோல் போய்ச் சல்லி தெரியும்வரை தேய்க்க வேண்டும். தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். தண்ணீரால் கழுவ விடாதீர்கள். கடைக்குள் இந்தத் தூசி எப்படிப் பரவும் என்று சொல்லி விளங்காது, சாமானெல்லாம் வெளியே எடுங்கள். ஆட்களுக்குத் தூசிக்கான நல்ல முகமூடி கட்டாயம்.

பசை இரண்டு பகுதியாக வரும். விவரத்தாளில் சொன்ன எடை விகிதப்படி, தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். ஒரு தகரம் முழுவதையும் ஒரே தடவையில் கலக்கினால் கைக்குள்ளேயே சூடேறி இறுகிவிடும். பட்டியின் ஒட்டும் பக்கத்தைக் துடைக்கும் துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை கரைப்பானால் சுத்தம் செய்து, பசை பூசி, அழுத்தி, உருளையால் உருட்ட வேண்டும். இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்று இல்லை. துணி ஒட்டுவதென்றால், குளிரில் முதல் படையின் மேல் மெழுகு போல ஒரு பிசுபிசுப்பு வரும். அதைத் துடைக்காமல் அடுத்த படை போட விடாதீர்கள்.

எபொக்சி தோலில் பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும். தின்னர் போட்டுக் கழுவினால் இன்னும் உள்ளே இறங்கும்.

9. ஒட்டிய பிறகு

முழுப் பலம் வர வழக்கமாக ஒரு வாரம், குளிர் இடத்தில் கூடுதலாகும். அதுவரை மேலே பாரம் வேண்டாம், முட்டும் எடுக்க வேண்டாம். பிறகு நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ பட்டி நெடுகத் தட்டிப் பாருங்கள். 'டப் டப்' என்று பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். துணி வேலையில் 5 அங்குலச் சதுரத்துக்கு மேற்பட்ட பொள்ளலை வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும், சிறியதற்கு எபொக்சி ஏற்றினால் போதும்.

கீழே பேக்கரி, ஹோட்டல் அடுப்பு இருந்தால் பொறியியலாளரிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சாதாரண எபொக்சி 60 பாகையைச் சுற்றிய வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் அது பெரிய வெப்பமே இல்லை. தீத்தடுப்புப் பூச்சு உண்டு, அதற்குத் தனி விலை.

காபன் மின்சாரத்தைக் கடத்தும். வயர்களைப் பட்டியில் படாமல் குழாயில் கொண்டுபோகச் சொல்லுங்கள். மின்விசிறிக் கொக்கி, சீலிங் சட்டம் எதற்கும் பட்டியில் துளை போடக் கூடாது. பெயின்ட் அடித்த பிறகு பட்டி எங்கே என்று யாருக்கும் தெரியாது, ஆகவே ஒட்டி முடித்ததும் அளவு நாடாவோடு படம் எடுத்து, சுவரிலிருந்து எத்தனை அங்குலத்தில் ஒவ்வொரு பட்டியும் போகிறது என்று ஒரு வரைபடம் வாங்கி, கணக்குத் தாள்கள், சோதனை அறிக்கை, பசையின் தயாரிப்பு இலக்கத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். அதன் ஒரு பிரதி மின்பலகைப் பெட்டிக்குள் இருக்கட்டும், துளை போட வருகிற எலெக்ட்ரீஷியன் முதலில் திறப்பது அதைத்தான். கடையை வாடகைக்குக் கொடுத்தால், கூரையில் துளை போடுமுன் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள்.